தொடுமுன் சொல்லுங்கள்

பார்வையும் கேட்கும் திறனும் குறைந்து, வேறு குறைபாடுகளும் சேர்ந்த இளைஞர்களுக்கானது எங்கள் பகல்நேர நிலையம். அங்கே வருகிறவர்களில் ஒருவர்கூடச் சின்னப் பிள்ளை இல்லை. பெடியன்மார் சிலருக்கு முகம் நிறையத் தாடி. ஒரு பெண்ணின் தங்கச்சி கலியாணம் முடித்து, அவருடைய பிள்ளையே இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறது. ஆனால் இவர்களுக்குச் சோறு ஊட்டுவது, முகம் துடைப்பது, உடுப்பு மாற்றுவது எல்லாம் வீட்டில் ஐந்து வயதில் நடந்த மாதிரியே இன்றும் நடக்கிறது. முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் பின்னாலிருந்து ஒரு கை வரும், வாயைத் துடைத்துவிட்டுப் போய்விடும். நம் முகத்தில் யாராவது அப்படிக் கை வைத்தால் பேசாமல் இருப்போமா?

நிலையம் இருப்பது எழுவான்கரையில், மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில். கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடிப் பக்கத்தார்தான் கூட. மண்முனைப் பாலத்தால், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து வருகிறவர்களும், தெற்கே கல்முனை, மருதமுனையிலிருந்து வருகிறவர்களும் உண்டு. ஆட்களை அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றி எழுதுகிறேன்.

இவர்களில் யாருக்கும் ஒரேயொரு பிரச்சினை மட்டும் இல்லை. பிறந்த உடனே கடுமையான மஞ்சள் காமாலை வந்து, கை கால்கள் இறுகி, காதும் கேட்காமல் போனவர் இருக்கிறார். குறைமாதத்தில் பிறந்து விழித்திரை பழுதாகிப் பார்வை போனவர், அதோடு வலிப்பும் உள்ளவர் இருக்கிறார். பிறவியிலேயே காது கேளாமல், இப்போது பார்வையும் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறவர் இருக்கிறார். தாய் கர்ப்பமாக இருந்தபோது வந்த ருபெல்லாக் காய்ச்சலால் கண், காது, இதயம் மூன்றும் பாதிக்கப்பட்டவரும் இருக்கிறார். இலங்கையில் 1996இல் ருபெல்லாத் தடுப்பூசி தொடங்கியது. நாடு அந்த நோயை ஒழித்துவிட்டதாக 2020இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. இனி அந்தக் காரணத்தால் இப்படிப் பிள்ளைகள் பிறப்பது அரிது. பிறந்து வளர்ந்தவர்கள் நம்மோடு இருக்கிறார்கள்.

காது கேளாதவர் கண்ணால் சமாளிப்பார். கண் தெரியாதவர் காதால் சமாளிப்பார். இரண்டும் குறைந்தால் இரண்டு வழியும் அடைபடும். ஆகவே காது கேளாதோர் பாடசாலையில் பழகிய முறையையும் பார்வையற்றோர் பாடசாலையில் பழகிய முறையையும் சேர்த்துப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க முடியாது. முழுக்கக் கண் தெரியாமல், முழுக்கக் காது கேளாமல் இருப்பவர்கள் இவர்களில் குறைவு என்பதும் முக்கியம். பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஒரு பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலேயே முதல் மாதங்கள் போய்விடும்.

மாற்றுத்திறனாளிகள் தின விழா எங்கே நடந்தாலும் மேடையில் ஒருவராவது ஹெலன் கெல்லரைப் பற்றிப் பேசுவார். எனக்கும் அவர்மேல் மரியாதைதான். ஆனால் கெல்லர் பத்தொன்பது மாதம் வரை பார்த்தும் கேட்டும் வளர்ந்தவர். ஆன் சலிவன் 1887இல் வீட்டோடு வந்து தங்கி அவருக்கு மட்டுமே சொல்லிக்கொடுத்தார். எங்கள் நிலையத்துக்கு வரும், பிறந்ததிலிருந்தே கேளாமல், கையும் சரியாக இயங்காமல் இருக்கும் ஒருவரின் அம்மாவிடம் போய், "ஹெலன் கெல்லரைப் பாருங்க, எவ்வளவு சாதிச்சிருக்கா" என்று சொன்னால் அந்த அம்மாவுக்கு என்ன ஆறுதல்? விழா முடிந்ததும் அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "அதெல்லாம் சரி டீச்சர், இவன் பல்லுத் தீட்ட விடுறானில்ல. அதுக்கு என்ன செய்யிற?"

நான் பதில் சொல்லத் தொடங்குவது எப்போதும் ஒரே இடத்திலிருந்துதான். என்ன நடக்கப் போகிறது என்று அவருக்குத் தெரியுமா? பல் தீட்டும் பிரஷ் திடீரென்று வாய்க்குள் நுழைகிறதா, அல்லது முதலில் அவர் கைக்கு வருகிறதா?

ஒருவரிடம் போகும்போது நாங்கள் செய்வது இவ்வளவுதான். அவருக்குக் கொஞ்சமாவது தெரிகிற பக்கத்திலிருந்து போவோம். புறங்கையை அவருடைய மேல்கையின் வெளிப்பக்கத்தில் வைத்து, எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே விடுவோம். விரல் நுனியால் பட்டும் படாமலும் தொட்டால் உடம்பு கூசித் துள்ளும். நிதானமாக, அழுத்தமாக வைக்கும் கை பயமுறுத்தாது. பிறகு அவர் கையை எங்கள் அடையாளத்துக்குக் கொண்டுபோவோம். என் அடையாளம் இடது கையில் போட்டிருக்கும் செப்புக் காப்பு. அதைத் தொட்டால் நான்தான் என்று தெரியும். எங்கள் உதவி ஆசிரியைக்கு ஒரு தடித்த மணிக்கூடு. வான் ஓட்டும் அண்ணனுக்கு மொட்டைத் தலை. தானே குனிந்து காட்டுவார், பெடியன்மார் தடவிப் பார்த்துச் சிரிப்பார்கள். இந்த அடையாளத்தை மாற்றக் கூடாது. கலியாண வீட்டுக்குப் போகும் அவசரத்தில் காப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிலையத்துக்கு வந்தால் அன்றைக்கு நான் ஒரு அந்நியப் பெண்.

போகும்போதும் சொல்ல வேண்டும். இதை அநேகம் பேர் மறந்துவிடுகிறார்கள். நாம் எழுந்து போனது தெரியாமல் அவர் நம் கையைத் தேடிக் காற்றைத் துழாவிக்கொண்டிருப்பார்.

இளைஞர்கள் என்பதால் இன்னொரு விஷயமும் சேர்கிறது. இருபது வயதுப் பெடியனைப் பெண் ஆசிரியை எங்கே தொடலாம், இருபது வயதுப் பெண்ணை வான் உதவியாளர் எங்கே தொடலாம் என்பது நம் ஊரில் சாதாரணக் கேள்வி இல்லை. தமிழ் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் பெற்றோரோடு உட்கார்ந்து இதை முதலிலேயே பேசிவிடுவோம். மேல்கை, புறங்கை, தோள்பட்டை, அவ்வளவுதான். குளியலறை, உடுப்பு மாற்றுதல் எல்லாம் பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண். ஆட்பற்றாக்குறை இருக்கத்தான் செய்கிறது. அதற்காக இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

அடுத்தது நாள் பெட்டி. ஒல்லாந்தில் யான் வான் டைக் என்ற ஆசிரியர் 1960களில் கண்ணும் காதும் பாதிக்கப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்து வளர்த்த முறை அது. எங்களிடம் இருப்பது தச்சுவேலை தெரிந்த ஒருவர் பலகையில் செய்து தந்த நீளப் பெட்டி. இடமிருந்து வலமாக அறை அறையாகத் தடுத்திருக்கிறது. ஒவ்வொரு அறையிலும் அன்றைய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொருள் இருக்கும். தேநீருக்கு அவர் குடிக்கிற கோப்பை. ஓய்வுக்குப் பன்பாயில் வெட்டிய ஒரு துண்டு. சாப்பாட்டுக்குக் கரண்டி. வீட்டுக்குப் போக வான் இருக்கைப் பட்டியின் ஒரு துண்டு. வெள்ளிக்கிழமைகளில் வாப்பாவோடு ஜும்மாவுக்குப் போகிற தம்பிக்கு அவருடைய தொப்பி. வேலை தொடங்குமுன் பொருளைக் கையில் எடுத்து, அதோடு அந்த இடத்துக்குப் போவோம். முடிந்ததும் அவரே அதை முடிந்த பொருட்களுக்கான கூடையில் போடுவார்.

பொருளைத் தெரிவு செய்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வானுக்கு விளையாட்டுக் கடையில் வாங்கிய சின்ன வானை வைத்தால் என்ன என்று வீட்டார் கேட்பார்கள். பார்க்கிற நமக்கு அது வான். தொடுகிறவருக்கு அது நாலு உருளை வைத்த பிளாஸ்டிக் கட்டி. அவர் ஒரு வானை முழு உருவமாகத் தடவிப் பார்த்ததே இல்லை. வான் என்றால் அவருக்கு இடுப்பில் படும் பட்டி, இருக்கை ரெக்சீனின் சூடு, காலடியில் வரும் அதிர்வு, டீசல் மணம். இவற்றில் கையில் எடுத்துத் தரக்கூடியது பட்டிதான். ஒவ்வொரு பொருளையும் இந்தக் கேள்வியால் சோதித்துப் பாருங்கள்: அந்த வேலையின்போது அவருடைய உடம்பு எதைச் சந்திக்கிறது?

மாரி காலத்தில் இந்தப் பெட்டிக்கு உண்மையான சோதனை வரும். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் வான் ஓடாது. கண்ணும் காதும் உள்ளவருக்கு வாசலில் தண்ணீரைக் காட்டினால் போதும். இவருக்கு எப்படிச் சொல்வது? காலையில் உடுத்துத் தயாராகி உட்கார்ந்திருப்பார், வான் வராது, மத்தியானத்துக்குள் தலையைச் சுவரில் மோதத் தொடங்குவார். 'இல்லை' என்பதற்கும் ஒரு பொருள் வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்தது. இப்போது எல்லா வீட்டிலும் ஒரு மூடி வைத்த டப்பா இருக்கிறது. வான் பட்டியை அவர் கையில் கொடுத்து, இருவருமாகச் சேர்ந்து அதை டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவது. உடனே, அதற்குப் பதிலாக என்ன நடக்கும் என்பதற்கான பொருளைக் கையில் கொடுப்பது. பதில் பொருள் இல்லாமல் 'இல்லை' மட்டும் சொல்லி விட்டால் கலவரம்தான். நல்ல வெயில் நாட்களிலேயே, வானுக்கு லீவு நாட்களில் இதைப் பழக்கிவைக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு தொடங்கினால் சரிவராது.

பொருளைக் கொடுத்ததும் பொறுத்திருக்க வேண்டும். மூளைவாத பாதிப்பு உள்ள ஒருவருக்குத் தொடுகை போய்ச் சேர்ந்து, அர்த்தம் புரிந்து, கை அசைய அரை நிமிடம்கூட ஆகும். அந்த அரை நிமிடத்துக்குள் நாம் மூன்று தரம் தட்டி, இரண்டு தரம் கூப்பிட்டு, கடைசியில் நாமே கையைத் தூக்கி வைத்துவிடுகிறோம். ஒவ்வொரு தட்டலிலும் அவருக்குள் நடந்துகொண்டிருந்த வேலை கலைந்து முதலிலிருந்து தொடங்குகிறது. புதிதாக வரும் உதவியாளர்களிடம், பொருளைக் கொடுத்துவிட்டு மனதுக்குள் நிதானமாக இருபது வரை எண்ணுங்கள் என்பேன். சிலருக்கு அது பெரிய தண்டனை.

கை பற்றிச் சொல்ல வேண்டும். வேலை பழக்கும்போது பிள்ளையின் கையை மேலிருந்து பிடித்து அசைப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த முறை. இவர்களுக்குக் கைதான் கண். ஒருவர் தலையைப் பிடித்துத் திருப்பி 'இதைப் பார், அதைப் பார்' என்றால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அதுவும். ஆகவே நாங்கள் கையை மாற்றி வைக்கிறோம். என் கை வேலை செய்யும். அவர் கை என் கைக்கு மேலே இருக்கும். அவர் விரும்பினால் தொடர்ந்து வருவார், விருப்பமில்லையென்றால் எடுத்துவிடுவார். எடுத்துவிட்டால் விட வேண்டும். கொஞ்ச நேரத்தில் அநேகமாகத் திரும்பி வரும். வந்த பிறகு என் விரலை மெல்ல விலக்க, பொருள் அவர் விரலில் படும்.

எங்கள் குசினியில் இதற்கு மிகவும் உதவுவது பிட்டு. மாவை வறுப்பது, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசறுவது, குழலுக்குள் தேங்காய்ப் பூவும் மாவும் மாறி மாறிப் போடுவது, அவிப்பது, தள்ளுவது என்று படிகள் நிறைய. முதல் படியிலிருந்து பழக்கினால், மா பிசறுவதற்குள் களைத்துவிடுவார். பிட்டு எப்போது வரும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறோம். மற்றதெல்லாம் நாங்கள் செய்வோம். அவிந்த குழலைச் சூடு ஆறவிட்டு, துணி சுற்றிக் கையில் கொடுப்போம். கோலால் ஒரு தள்ளு. பிட்டு தட்டில் விழும். மணம் எழும். உடனே ஒரு துண்டு வாய்க்குப் போகும். ஒரே அசைவில் வேலையும் முடிந்தது, பலனும் கிடைத்தது. அது கைவந்த பிறகு அதற்கு முந்திய படி, குழலை நிரப்புவது. பிறகு அதற்கும் முந்தியது. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வரும்போது, புதிதாகப் பழகும் ஒவ்வொரு படியும் ஏற்கெனவே தெரிந்த படியில் போய் முடிகிறது. நடுவில் தொலைந்துபோவதில்லை.

ஒரு தம்பி எத்தனையோ மாதமாகத் தள்ளும் படியைத் தாண்டவில்லை. இனித் தாண்டுவாரா என்று எனக்குத் தெரியாது, அதைப் பற்றி நான் கவலைப்படுவதும் இல்லை. பிட்டுத் தள்ளுவது அவருடைய வேலை. அவர் வரும்வரை குழல்கள் காத்திருக்கும். வேறு யாராவது கோலை எடுத்தால் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து பிடுங்குவார்.

கண் நன்றாக இருந்தும் மூளையால் பார்க்க முடியாமல் போகிறவர்கள் உண்டு. கண் வைத்தியர் பரிசோதித்துக் கண்ணில் பெரிய கோளாறு இல்லை என்பார். வீட்டில், "இவன் பார்க்கிறதுக்குப் பஞ்சிப்படுகிறான்" என்று முடிவு கட்டுவார்கள். பஞ்சி ஒன்றும் இல்லை. பிறக்கும்போது மூளைக்கு ஒட்சிசன் போதாமல் போனால் பார்வைப் பகுதியும் பாதிக்கப்படும். இவர்கள் சுழலும் மின்விசிறியை மணிக்கணக்கில் பார்ப்பார்கள், எதிரே நிற்கும் ஆளைப் பார்க்க மாட்டார்கள். அசையும் பொருள், ஒரே நிறத்தில் பளிச்சென்ற பொருள், அதுவும் தனியாக இருந்தால் கண்ணில் விழும். பொருட்கள் கூடினால் எல்லாம் மறைந்துவிடும். ஒரு அக்காவுக்குச் சிவப்புக் கோப்பையைக் கறுப்புத் துணி விரித்த மேசையில் தனியாக வைத்தால் எடுக்கிறார். பூப்போட்ட மேசை விரிப்பில் வைத்தால் தடவித்தான் தேடுகிறார். பார்க்கிற நேரத்தில் பேசினாலும் பார்வை அறுந்துவிடும். காட்டும்போது வாயை மூடு, பேசும்போது காட்டாதே என்பது எங்கள் சுவரில் எழுதாத சட்டம். எழுதாததற்குக் காரணம், சுவரில் ஒன்றுமே இல்லை. வண்ணப் படங்கள், தோரணங்கள், பட்டாம்பூச்சிகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். வெளியிலிருந்து பார்வையிட வருகிறவர்களுக்கு முகம் சுருங்கும். நிலையம் களையில்லாமல் கிடக்கிறது என்று ஒரு அதிகாரி குறிப்பும் எழுதினார். எழுதட்டும்.

காது கேளாமல் பார்வையும் குறைந்து வருகிறவர்களின் கதை வேறு. பெரும்பாலும் பதின்ம வயதில் இருட்டில் தடுமாறுவதில் தொடங்கும். "ராவையில கண் தெரியிதில்ல டீச்சர்" என்று உம்மாமார் சொல்லும்போது பக்கத்து வீட்டார் மாலைக்கண் என்று முடிவெடுத்து ஈரலும் கீரையும் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். உயிர்ச்சத்து ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது சரி. ஆனால் பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு இரவுப் பார்வை மங்கினால், விழித்திரை படிப்படியாகச் செயலிழக்கும் பரம்பரை நோயாக இருக்கலாம். அஷர் நோய்த்தொகுதி என்று வைத்தியர்கள் சொல்வது அது. தாமதிக்காமல் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். தாய், தகப்பன் இருவரும் தங்களுக்குத் தெரியாமலே அந்தக் குறைபாட்டைச் சுமந்தால்தான் பிள்ளைக்கு வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. மச்சான் மச்சாள் கலியாணம் செய்த குடும்பங்களில் இந்த வாய்ப்புக் கூடும் என்பது உண்மை. அதை ஒரு தாயின் முகத்துக்கு நேரே குற்றமாகச் சொல்லத் தேவையில்லை. அடுத்த தலைமுறை கலியாணம் பேசும்போது குடும்பத்துப் பெரியவர்களிடம் தனியாகச் சொல்லலாம்.

இவர்களுக்குப் பார்வை ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்குச் சுருங்கும். சைகை பேசும்போது கையை அகல வீசினால் குழாய்க்கு வெளியே போய்விடும். நெஞ்சுக்கும் முகத்துக்கும் இடையில், சின்ன அளவில் பேச வேண்டும். மிக நெருங்கி நின்றால் கையின் ஒரு துண்டு மட்டும்தான் தெரியும். ஒன்றரை மீற்றர் தள்ளி நிற்பது நல்லது. யன்னலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. எங்கள் கைகளின் நிறத்துக்கு வெளிர் நிறச் சேலை பொருந்துகிறது, பூப்போட்ட சேலையில் கை தொலைந்துவிடும். நல்ல சேலைகள் அலமாரியில் தூங்குகின்றன, என்ன செய்வது. மின்சாரம் போனால் அல்லது பொழுது பட்டால் சைகையை அவர் கைக்குள்ளேயே செய்து காட்டுவது. இதைப் பார்வை மிச்சம் இருக்கும்போதே பழக்க வேண்டும். இப்போது எதற்கு, வீணாகப் பயப்படுத்துகிறீர்கள் என்று வீட்டார் மறுப்பார்கள். கைச்சைகையைப் பகிடி விளையாட்டாகத் தொடங்கினால் மறுப்பு வருவதில்லை.

காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கரையோரக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம், வியர்வை சொல்லவே வேண்டாம். இரவில் கழற்றி, மருந்துப் போத்தல்களில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளைப் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். காலையில் போடுமுன் நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். செத்த பற்றரியோடு நாள் முழுக்கக் காதை அடைத்துக்கொண்டு திரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடித்தல், கடித்தல், தன் கன்னத்தில் தானே அறைதல் எல்லாம் அடிக்கடி கேட்கிற முறைப்பாடுகள். மருந்து கொடுத்து அடக்கலாமா என்று கேட்பார்கள். நான் முதலில் கேட்பது: பல் பார்த்தீர்களா? காதில் குடுமி (அழுக்கு) அடைத்திருக்கிறதா? மலம் ஒழுங்காகப் போகிறதா? பெண் என்றால், மாதவிடாய்த் திகதி என்ன? வலியை வாயால் சொல்ல முடியாதவர் கையால்தான் சொல்வார். கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்த ஒருவரின் கடைவாய்ப் பல் சொத்தை. பிடுங்கிய பிறகு கை இறங்கியது. உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த கேள்வி, அந்த நேரத்துக்குச் சற்று முன் யார் சொல்லாமல் என்ன செய்தார்கள் என்பது.

வயது வந்த உடம்பைப் பற்றி வீடுகளில் பேச்சே எழாது. பேசித்தான் ஆக வேண்டும். முகச்சவரம் செய்யும்போது முரண்டு பிடித்த ஒருவருக்கு, மெஷினை ஓடவிட்டு முதலில் உள்ளங்கையில் வைத்தோம், பிறகு புறங்கையில், பிறகு அவர் தகப்பனின் தாடையில் வைத்து அவர் கையால் தொட்டுப் பார்க்க வைத்தோம். ஒரு கிழமைக்குப் பிறகுதான் அவர் கன்னத்துக்கு வந்தது. மாதவிடாய்க்கு நாப்கினை நாள் பெட்டியில் தனி அறையில் வைத்து, வருமுன்னரே உலர்ந்த நாப்கினை அணிந்து பழக்குகிறோம். எந்த வேலைக்குக் கதவு சாத்த வேண்டும் என்பதும் பாடம்தான். கதவைச் சாத்தி, அவர் கையைத் தாழ்ப்பாளில் வைத்துக் காட்டி, அப்புறம்தான் உடுப்பில் கை வைப்பது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இடம். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சொல்லாமல் தொடலாம், அதற்குப் பேசாமல் இருப்பதுதான் நல்ல பிள்ளைக்கு அழகு என்று இருபது வருடம் பழக்கப்பட்ட ஒரு பெண்ணால், கெட்ட நோக்கத்தோடு வரும் கையை எப்படி வேறுபடுத்தி அறிய முடியும்? 'வேண்டாம்' என்ற சைகையை நாங்கள் எல்லோருக்கும் முதல் சைகைகளில் ஒன்றாகப் பழக்குகிறோம். பழக்குவது சுலபம், அதை மதிப்பதுதான் கஷ்டம். தேநீர் வேண்டாம் என்று கையை விலக்கினால், போட்ட தேநீர் வீணாகிறதே என்று வற்புறுத்தக் கூடாது. ஒரு அம்மா என்னோடு கோபித்துக்கொண்டார்: "நீங்க பழக்கினதால இப்ப வீட்டிலயும் எல்லாத்துக்கும் வேண்டாம் வேண்டாம் எண்டு நிக்கிறாள்." ஓம், தலைவலிதான். மருந்து, குளிப்பு போன்ற தவிர்க்க முடியாதவற்றுக்கு இரண்டு தெரிவு கொடுங்கள் என்றேன்: இப்போதா, தேநீருக்குப் பிறகா? நீல உடுப்பா, பச்சையா? பாதிக்குப் பாதி சமாதானமானார்.

வெளியே நடப்பதற்கு வெள்ளைப் பிரம்பு கொடுக்கிறோம், ஆனால் எங்கள் கடற்கரை ஒழுங்கைகளில் பிரம்பு நுனி மணலில் புதையும். நுனியில் உருளும் பந்து வைத்தது கொஞ்சம் பரவாயில்லை. மதிலைப் புறங்கையால் உரசிக்கொண்டு நடப்பது நல்ல முறை. முள்ளுக்கம்பி வேலி வரும் இடத்தை முன்கூட்டியே நடந்து பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். பார்வையும் கேட்கும் திறனும் குறைந்தவர்கள் காற்றை நன்றாகக் கவனிப்பார்கள். கச்சான் வீசும் மாதங்களில் சூட்டுக் காற்று மேற்கேயிருந்து முகத்தில் அடித்தால் வாவிப் பக்கம் நடக்கிறோம் என்று தெரியும். பின்னேரம் கடற்காற்று திரும்பினால் கணக்கும் திரும்பும், அதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். வாடைக் காலத்துக்கு வேறு கணக்கு.

தொழிற்பயிற்சி என்று சொன்னதும் கால்மிதியும் மெழுகுதிரியும்தான் எல்லா இடத்திலும். விருப்பமுள்ளவர் செய்யட்டும். ஆனால் ஆளைப் பார்த்து வேலையைத் தேடினால் வேறு வாசல்கள் திறக்கும். அதிர்வென்றால் உயிரை விடும் ஒரு தம்பி இருக்கிறார். கூத்து ஆடுமிடத்தில் மத்தளத்தின் மேல் கையை வைத்தால் எடுக்க மாட்டார். அவரை மா அரைக்கும் மில்லுக்குக் கூட்டிப்போனோம். இப்போது கிழமையில் சில நாட்கள் மாப் பைகளின் வாயைக் கட்டுவது, எடுத்து அடுக்குவது அவர் வேலை. பட்டி ஓடும் பக்கத்தை மரச் சட்டம் போட்டு அடைத்த பிறகுதான் அனுமதித்தோம். மில் முதலாளிக்கு நாங்கள் பழக்கியது ஒன்றே ஒன்று, மேல்கையில் கை வைத்துவிட்டுக் காத்திருப்பது. மருதமுனையில் குடும்பமே கைத்தறி நெய்கிற ஒரு தங்கச்சி தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறார். கட்டை நிறைந்ததைப் பெருவிரலால் அளந்து நிறுத்துகிறார். இதற்கு எங்கள் பயிற்சி அதிகம் தேவைப்படவில்லை. வீட்டிலேயே இருந்த வேலை அது. அவரிடம் யாரும் கொடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது, ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் கட்டாயக் கல்வி பதினாறு வயதோடு முடிகிறது, பாடசாலை விசேட அலகிலிருந்து வெளியே வந்த பிறகு அநேகம் பேருக்குப் போக இடமில்லை. பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிந்து வைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். கொடுப்பனவு, சக்கர நாற்காலி, கருவி எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடைசியாக, ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதுகிறோம். ஒரே ஒரு பக்கம். அவரே பேசுவது போல எழுதியது: என் மேல்கையைத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். எனக்கு வலது பக்கம் கொஞ்சம் தெரியும். கையை விலக்கினால் வேண்டாம் என்று அர்த்தம். மேசையைத் தட்டினால் தண்ணீர். ஊசி போடுமுன் பஞ்சை என் கையில் தாருங்கள். வலிப்புக்கு எடுக்கும் மருந்து, ஒவ்வாத மருந்து, வீட்டில் இரண்டு பேரின் தொலைபேசி எண். தமிழில் ஒரு பக்கமும் பின்பக்கம் சிங்களத்திலும் எழுத வேண்டும். ஆஸ்பத்திரி வாட்டில் இரவுக் கடமையில் யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அம்மாமார் இதைப் பளபளவென்று லெமினேட் செய்து தரச் சொல்வார்கள். வேண்டாம். சாதாரண பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள். ஆறு மாதத்தில் பாதி வரி பழசாகிவிடும், வெட்டி எழுத வேண்டி வரும்.